பதினேழாவது துளை

மலை உச்சியில் இருக்கிற அந்த நீர்த்தேக்கத்துக்கு உள்பக்கம் முழுக்கத் தார் போட்டிருக்கிறது. ரோட்டுக்குப் போடுகிற தார் இல்லை, அதற்குப் பெரியண்ணன். ஜல்லி, மணல், கல்பொடி, தார் எல்லாவற்றையும் அளந்து கலந்து, கொதிக்கக் கொதிக்கப் பரப்பி, ரோலர் விட்டு நசுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அடியில் இறங்காதபடி போட்ட உறை. நாற்பதாயிரம் சதுர மீட்டர். போட்டு முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

அதைப் போட்ட மேஸ்திரி ஒருவர். அதில் துளை போடுகிறவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், மாமனாரும் மாப்பிள்ளையுமாக. கதை இவ்வளவுதான். இதோடு விட்டால் யாருக்கும் விளங்காது என்பதால் மேலே சொல்லவேண்டியிருக்கிறது.

நல்லா இருக்கிற தாரில் எதற்கு ஐயா துளை என்று கேட்கலாம். நல்லா இருக்கிறதா என்று பார்க்கத்தான். தாருக்கும் மனுஷன் மாதிரி வயதாகும். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு இறுகும், இறுகினால் வெடிக்கும், வெடித்தால் ஒழுகும். அதனால் வருஷத்துக்கு நாலு இடத்தில், ஒரு டம்ளர் வாய் அகலத்துக்கு மிஷினால் துளைத்து, தார் உருளையை உருவி எடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார் துளைக்காரர். அங்கே அதை எடை போட்டு, நசுக்கி, உருக்கி, இது இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று எழுதுவார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் தொண்ணூற்றிரண்டு துளை.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க. இவன் பதம் பார்த்தே பானையைக் காலி பண்ணிடுவான்" என்பார் மாமனார். இதை அவர் சாப்பிடும்போதுதான் சொல்வார், தட்டைப் பார்த்தபடி, மகள் காதில் விழுகிற மாதிரி. துளைக்காரர் பதில் பேசமாட்டார். பெண் கேட்டு வந்த நாளிலேயே "என் தாரை ஓட்டை போடறவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்ட மனுஷனிடம் என்ன பேசுவது? அன்றைக்கு மகள்தான் "ஆமாம்" என்றாள். அந்த ஒரு ஆமாமை வைத்துக்கொண்டு அவர் இருபத்தோரு வருஷமாக அந்த வீட்டில் காலம் தள்ளுகிறார்.

துளை போடுவது பெரிய விஷயமில்லை, மூடுவதுதான் பெரிய விஷயம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. துளையைக் கழுவவேண்டும். ஈரம் போகத் துடைக்கவேண்டும். துளையின் பக்கச் சுவரை பர்னரால் சூடு காட்டி, பழைய தார் இளகிப் பளபளக்க வைக்கவேண்டும். சூட்டோடு சூடாகத் தாரைப் பூசவேண்டும். புதுக் கலவையை மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடிக்கவேண்டும். கடைசியில் மேல்பூச்சு. ஆறு வேலைக்கும் பதிவேட்டில் ஆறு கட்டம் உண்டு. துளை போட்டவரே மூடி, ஆறிலும் டிக் அடித்து, கையெழுத்துப் போடவேண்டும். வேறு யாரும் மூடக்கூடாது. இதுதான் சட்டம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆறாம் பைப் ஒழுக ஆரம்பித்தது.

உறைக்கு அடியில் கசிகிற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஆள் நடக்கிற மாதிரி ஒரு சுரங்கம் இருக்கிறது. மேலே உறையை எட்டுப் பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பைப் என்று கீழே விட்டிருக்கிறார்கள். எந்தப் பைப்பில் தண்ணீர் கூடுகிறதோ அந்தப் பகுதியில் கோளாறு. அளப்பதற்குப் பெரிய கருவியெல்லாம் இல்லை, ஒரு பத்து லிட்டர் பக்கெட்டும் ஒரு ஸ்டாப் வாட்ச்சும்தான். ஆறாம் பைப்பில் பக்கெட் நிறைய ஐம்பது விநாடி ஆகும், வருஷக்கணக்காக அப்படித்தான். போன வருஷம் இருபது ஆனது. இந்த வருஷம் நாலு விநாடியில் நிறைந்து, அளந்தவரின் செருப்பையும் நனைத்தது.

உடனே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார், எழுத மட்டும் செய்வார். தண்ணீருக்கு மேலே காய்ந்து கிடக்கிற கரைச் சரிவிலிருந்து மூன்று உருளை எடுக்கச் சொன்னார். அந்த இடத்துத் தார் முப்பத்தொரு வருஷ வெயிலில் வறுபட்டது. இறுகித்தான் இருந்தது. ஆலோசகர் கணக்குப் போட்டார். உறையின் ஆயுள் முடிந்துவிட்டது, முழுக்கப் பெயர்த்து எடுத்துவிட்டு பிளாஸ்டிக் விரிப்பு போடலாம் என்று அறிக்கையில் எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கையெழுத்தாகிவிடும்.

"சார், தண்ணிக்குக் கீழே இருக்கற தாருக்கு வெயிலும் இல்ல, காத்தும் இல்ல. அதுக்கு வயசே ஆகியிருக்காது. மேலே எடுத்ததை வச்சுக் கீழே இருக்கறதுக்கு வயசு சொல்றோமே?" என்றார் துளைக்காரர்.

"நியாயமான கேள்வி" என்றார் ஆலோசகர். "ஆனா தண்ணி ஒழுகுதே. உறை நல்லா இருந்தா ஏன் ஒழுகணும்? துளையெல்லாம் சரியா மூடியிருக்குன்னு பதிவேடு சொல்லுது. பதிவேடு ரொம்ப நேர்த்தியா இருக்கு. நீங்க எழுதினதுதானே?"

துளைக்காரர் ஆமாம் என்றார்.

செய்தி வீட்டுக்கு அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மாமனார் கூடத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீர்த்தேக்கத்தின் கரை தெரியும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் நாற்காலி ஜன்னலைப் பார்த்துத்தான் கிடக்கும். இப்போது திரும்பிக் கிடந்தது.

"ஆறாம் பைப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா மாமா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மனுஷன் வாயே திறக்கவில்லை. பிளாஸ்டிக் என்றதற்கு "குளமா கட்டறாங்க, இல்ல பக்கெட் செய்யறாங்களா?" என்று கேட்டிருக்கவேண்டாமா? கேட்கவில்லை. பானைச் சோற்றுப் பேச்சு வரவில்லை. தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இந்த வாய் ஒரு நாளாவது மூடாதா என்று இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டவர் துளைக்காரர். மூடிவிட்டது. இப்போது அவருக்கே சாப்பாடு இறங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அந்தக் குஞ்சைப் பெயர்த்துக் குப்பையில் போடப்போகிறார்கள் என்றால் மனுஷன் என்ன ஆவார்! பாவம், எழுபது வயது.

நாலாவது நாள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே துளைக்காரர் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"அது வயசாகி ஒழுகலை. எனக்குத் தெரியும். பதினேழாவது துளை ஆறாம் பகுதியிலதான் இருக்கு. அதை மூடும்போது பக்கத்தைச் சூடு பண்ணலை. சூடு பண்ணாம போட்டா ஒட்டாது. கொஞ்ச வருஷம் சும்மா இருக்கும், அப்புறம் தண்ணி ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஓரத்துல வழி பண்ணிக்கும். நாளைக்கு ஆலோசகர்கிட்டே போய்ச் சொல்லப் போறேன்."

"சொன்னா?"

"உறை தப்பிச்சிடும். பதிவேட்டுல பொய் எழுதினேன்னு என்னை என்ன செய்வாங்களோ தெரியாது. வேலை போனாலும் போகும்."

மனைவி குழாயை மூடினாள். "அதை நீங்கதான் மூடினீங்களா?"

"கையெழுத்து என்னோடதுதான்."

"நான் கேட்டது அது இல்ல."

துளைக்காரர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"பதினேழாவதுன்னா நம்ம பொண்ணு பொறந்த அன்னிக்குப் போட்டது. நீங்களேதான் சொல்லியிருக்கீங்க, அந்த ஓட்டைக்கும் இவளுக்கும் ஒரே வயசுன்னு" என்றாள் மனைவி. "அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தப்போ என் கையைப் பிடிச்சீங்க. கை சுத்தமா இருந்தது. எங்கப்பா சாயங்காலம் வந்தார். முழங்கை வரைக்கும் தார். கழுவாம குழந்தையைத் தரமாட்டேன்னு நர்ஸ் சண்டை போட்டு, மண்ணெண்ணெய் வாங்கிட்டு வந்து கழுவினார். ரெண்டு நாள் குழந்தை மேல மண்ணெண்ணெய் வாசனை. மறந்துட்டேன்னு நினைச்சீங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கட்டிய மனைவியிடம் ஒரு டம்ளர் வாய் அகல ஓட்டையை மறைக்க முடியாது. துளைக்காரர் உண்மையைச் சொன்னார்.

அன்றைக்குப் பராமரிப்பு வேலைக்காக நீர்மட்டத்தை இறக்கியிருந்தார்கள். பதினேழாவது உருளையை அப்போதுதான் உருவியிருந்தார். தன் தாரை யார் தொட்டாலும் பக்கத்தில் வந்து நிற்பது மாமனாரின் வழக்கம், அன்றும் நின்றார். வலி எடுத்துவிட்டது என்று காவலாளி மேலேயிருந்து கத்தினார்.

"நீ கிளம்பு. பொண்ணு தனியா இருக்கா. இதை நான் மூடிட்டு வரேன்" என்றார் மாமனார்.

"மாமா, பக்கத்தைச் சூடு பண்ணணும். பர்னர் அங்கே..."

"டேய், தாரைப் பத்தி எனக்கே பாடமா? போடா!"

போய்விட்டார். மறுநாள் வந்து பார்த்தால் துளை மூடியிருந்தது. மேல்பூச்சு வழவழவென்று, எங்கே துளை இருந்தது என்றே தெரியாத நேர்த்தி. ஆனால் பர்னருக்காக முந்தின நாள் கொண்டுவந்த புது கேஸ் சிலிண்டரின் வாயில் ஒட்டியிருந்த சீல் பிரிக்காமல் அப்படியே இருந்தது. "மாமா, சூடு காட்டினீங்களா?" என்று கேட்டார். "குழந்தைக்கு மூக்கு யார் மாதிரி, பாத்தியா?" என்றார் மாமனார். புது அப்பாவுக்கு மூக்குதான் பெரிதாகப் பட்டது. ஆறு கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"அப்பாகிட்டே கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு? மாமா, உங்க தாரைக் கெடுத்தது நீங்கதான்னா? அவரே அரை உசிரா உட்காந்திருக்கார். நான் பண்ணினதாவே இருக்கட்டும். என்னைத் திட்டறது அவருக்குப் புதுசில்ல."

மனைவி அவர் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். அது நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது.

ஆலோசகர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "வருத்தமான விஷயம்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு நாளைக்கு நீர்மட்டத்தை இறக்க அனுமதி வாங்கினார். அந்தத் துளையில் கோளாறு தெரிந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கையெழுத்து. துளைக்காரர் விஷயம் எப்படியானாலும் தனிக் கோப்பு.

புதன்கிழமை காலை மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. முழங்கால் வலிக்காரர், அந்தச் சரிவில் எப்படி இறங்குவார்? அவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறக்கினார் துளைக்காரர். வழுக்கினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகவேண்டும். ஆலோசகர் பாதுகாப்புத் தொப்பியோடு பின்னால் ஏணியில் வந்தார்.

பதிவேட்டில் இருந்த அளவை வைத்து நாடா பிடித்து, சேற்றைக் கழுவி, சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டார் துளைக்காரர். வட்டத்தைச் சுற்றிச் சதுரமாக அறுத்துப் பலகை மாதிரி பெயர்த்து எடுத்தபோது, நடுவில் இருந்த அடைப்பு ஆடுகிற பல்லைப் போலத் தானாகக் கழன்று அவர் கையில் விழுந்தது. அதன் பக்கமெல்லாம் ஈரம். சேறு பூசி, தண்ணீர் ஓடி ஓடி வழவழப்பாகியிருந்தது. சுற்றியிருந்த பழைய தாரோ, வெட்டின முகம் கறுகறுவென்று மின்னியது. துளைக்காரர் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் பதிந்தது. முப்பத்தொரு வருஷத் தார், நேற்றுப் போட்ட மாதிரி இளசாக இருந்தது.

ஆலோசகரும் நகத்தை அழுத்திப் பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு விரலாலும் அழுத்தினார். "உறை ரொம்ப நல்லா இருக்கு. அறிக்கையை மாத்தணும்" என்றார். அவருடைய குரலில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. பதிவேட்டைப் பிரித்தார். "பதினேழு. மூடினவர், சூடு காட்டினதா டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டவர்..."

"நான்தான் சார்" என்றார் துளைக்காரர்.

மாமனார் சரிவில் சாய்ந்து உட்கார்ந்து அந்த அடைப்பை வாங்கி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைக்காரர் காத்திருந்தார். இப்போது வரும். 'பாத்தியா, என் தார்ல ஒண்ணும் இல்ல, உன் ஓட்டைதான்' என்று வரும். பத்து நாளாக வராதது மொத்தமாக வரும். வரட்டும், திட்டினால் சாப்பிடுவார்.

"இதை மூடினது நான்" என்றார் மாமனார்.

ஆலோசகர் பேனாவை நிறுத்தினார். "நீங்களா? நீங்க துளை போடற பிரிவு இல்லையே."

"இல்ல. இவன் பொண்டாட்டி, என் பொண்ணு, ஆஸ்பத்திரியில கெடந்தா. இவனை அனுப்பிட்டு நான் மூடினேன். இவன் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டான்."

"பர்னர் இருந்ததா?"

"இருந்தது. கையில எடுத்தேன். கிட்ட வரைக்கும் கொண்டுபோனேன்." மாமனார் அடைப்பின் ஓரத்துச் சேற்றை விரலால் துடைத்தார். "மனசு வரலை சார். ஒவ்வொரு வண்டிக் கலவைக்கும் சூடு பாத்துப் பாத்து இறக்கினது. ஒரு டிகிரி கூடினா கருகிடும்னு எத்தனை வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? அதுக்கு நானே நெருப்பு வைக்கறதா? கலவை சுடச்சுட இருக்கு, நல்லா இடிச்சா அதுவே ஒட்டிக்கும்னு விட்டுட்டேன். நாற்பதாயிரம் மீட்டர் போட்டவன், ஒரு ஓட்டையில சறுக்கிட்டேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யானையே அதைச் சொல்லி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆறாம் பைப்புன்னு நீ சொன்ன நிமிஷமே தெரியும். வாயைத் திறந்தா உன் கையெழுத்துல வந்து நிக்கும். திறக்காட்டி என் தாரைப் பேத்து எடுப்பாங்க. எதைச் சொல்ல? அதான் எதையும் சொல்லலை." பிறகு எரிச்சலோடு, "அதுக்குள்ள நீ முந்திக்கிட்டு நான்தான் நான்தான்னு போய் நிக்கறே. அறிவிருக்கா உனக்கு?" என்றார்.

பத்து நாளில் முதல் திட்டு. துளைக்காரருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில், சரிவில் கால் வழுக்கப் பார்த்தது. கயிறு இறுகியதும் மாமனார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஆலோசகர் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "சூடு காட்டலைங்கறதுக்குக் கட்டம் இல்லை. மனசு வரலைங்கறதுக்கும் இல்லை" என்றார். யோசித்து, ஓரத்தில் ஏதோ எழுதினார். பொய்க் கையெழுத்துக்குத் தண்டனையாகத் துளைக்காரர் ஒரு வருஷம் துளை போடக்கூடாது, கீழே சுரங்கத்தில் பக்கெட் பிடித்து அளக்கவேண்டும். அதற்குமுன் இந்த இடத்தை மட்டும் அவரே முறைப்படி மூடிவிட்டுப் போகலாம், தான் பக்கத்தில் இருப்பதாகவும் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"ஒரு வருஷமா?" என்றார் மாமனார். "நல்ல காரியம். என் தார் ஒரு வருஷம் நிம்மதியா இருக்கும்."

பர்னரைக் கீழே இறக்கினார்கள். துளைக்காரர் சிலிண்டரின் சீலைப் பிரித்தார், கழுவினார், துடைத்தார், பற்றவைத்தார். நீல நிறத்தில் சீறிக்கொண்டு நெருப்பு வந்தது. வெட்டின முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

மாமனார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பழைய அடைப்பு அவர் மடியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே மகளுக்கு என்ன ஆகிறதோ என்று தெரியாமல் நிற்கிற மனுஷனைப் போல இருந்தார்.

"மாப்ளே."

அந்த வீட்டில் இருபத்தோரு வருஷத்தில் இந்த வார்த்தையைத் துளைக்காரர் கேட்டதில்லை. 'டேய்' கேட்டிருக்கிறார், 'இவன்' கேட்டிருக்கிறார்.

"என்ன மாமா?"

"கருகாதுல்ல?"

"கருகாது மாமா. நான் பாத்துக்கறேன்."

மாமனார் திரும்பாமலே இடுப்புக் கயிற்றை ஒரு தரம் லேசாக இழுத்தார்.

"சரி, காட்டு" என்றார்.